எதிர்ப் பக்கத்து நாற்காலியில் அப்பா

எங்கள் வீட்டில் முதலாளி என்பது வசைச்சொல். குழம்பில் கிடக்கும் கறித்துண்டில் பெரியதாகப் பார்த்து நான் என் தட்டுக்கு நகர்த்தினால், அப்பா நிமிர்ந்து பார்க்காமலே "முதலாளி கை நீளுது பாரு" என்பார். தெருவில் விளையாடும்போது அதிகாரம் பண்ணினால் அன்றைக்கு முழுக்க என் பெயர் முதலாளியம்மா. அந்த வீட்டில் வளர்ந்த நான் இப்போது பெங்களூரு ஜீவனஹள்ளியில் இருபத்துச் சொச்சம் பெண்களுக்கு வேலை கொடுக்கிறவளாக இருக்கிறேன். எப்படி ஆனாய் என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வருவதில்லை.

அப்பா மின்மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் காலத்தில் அந்தத் தொழிற்சாலைக்குள் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். அப்பா செய்த அதே வேலையை அப்பாவுக்குப் பக்கத்து மெஷினில் நின்று செய்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கேண்டீன் சாப்பாடு கிடையாது, லீவு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தர ஆட்களை விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவும் அப்படி வீட்டுக்கு வந்தார். அவருடைய கோபம் கம்பெனி மேல் இருந்ததைவிட, ஆள் பிடித்துக் கொடுத்த காண்ட்ராக்டர் மேல்தான் அதிகம். அந்த ஆள் எங்கள் ஏரியாக்காரர், எங்கள் ஜனம். காலையில் கேட்டுக்கு வெளியே நின்று பையன்களை எண்ணி உள்ளே அனுப்புவாராம். "முதலாளிகூட மெஷின் வாங்கிப் போடறான். இவன் இன்னா போட்டான்? மனுசன வெச்சு மனுசன வித்தான்" என்று அப்பா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒரு முயற்சி செய்தார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் இட்லி அவித்து, சட்னி அரைத்து, காக்ஸ் டவுன் பக்கம் சில அபார்ட்மெண்ட் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். நன்றாகத்தான் போனது. ஒரு நாள் ஒரு வீட்டம்மா தானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்கூட்டரில் வந்தார். தெருவைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த புத்தர் படத்தையும் பக்கத்தில் நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக இருந்தவர் படத்தையும் பார்த்தார். அடுத்த வாரம் அவர் வீட்டு ஆர்டர் நின்றது. அதற்கடுத்து அந்த அபார்ட்மெண்ட்டில் எல்லா ஆர்டரும் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. "மாவு புளிச்சுடும்" என்று மட்டும் சொல்லி அம்மா மிச்ச மாவை முழுக்கத் தோசையாக ஊற்றித் தெருவுக்கே கொடுத்தார். தெருப் பிள்ளைகள் அதைப் பண்டிகை மாதிரி சாப்பிட்டார்கள்.

எங்கள் தெருவில் தொழில் செய்தவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. டெய்லர் இருந்தார், பஞ்சர் கடை இருந்தது, சாயந்திரம் முட்டை ரைஸ் வண்டி வரும். எல்லாரும் தெருவுக்குள்ளேயே, தெரு ஜனங்களுக்கே விற்றார்கள். தெருவைத் தாண்டி வெளியே போனால் நாம் வேலைக்குப் போகிறவர்கள், விற்கிறவர்கள் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாவு புளித்ததைப் பார்த்தாலே போதும்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு நர்சிங் ஹோமில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்து விடுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது. வருஷங்கள் போனதே தெரியவில்லை. டிஸ்சார்ஜ் நேரத்தில் குடும்பத்துக்காரர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள். நான் ஏஜென்சி நம்பர் கொடுப்பேன். அந்த ஏஜென்சிகள் பெண்களை ஊரிலிருந்து கூட்டி வந்து, ஹாஸ்டல் என்று சொல்லி ஒரு கூடத்தில் தங்க வைத்து, ஆதார் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளத்தில் பாதியைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். வேறு வழி தெரியாததால் கொடுத்தேன்.

என் எதிர் வீட்டில் இருந்தவள் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தாள். அந்த யூனிட்டை ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் விட்டார்கள். அவள் வீட்டில் சும்மா இருந்த நேரத்தில்தான், இடுப்பெலும்பு முறிந்து எங்கள் நர்சிங் ஹோமில் இருந்த ஒரு டீச்சரம்மா வீட்டுக்குக் கிளம்பினார். ரிட்டயர் ஆனவர், கன்னடக்காரர், தனியாக இருந்தார், மகன் வெளிநாட்டில். என் வார்டில் இருந்த அத்தனை நாளும் என்னோடு மரியாதையாகப் பேசியவர் என்பதால், ஏஜென்சி நம்பர் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எதிர் வீட்டுக்காரியை அழைத்துப் போய் விட்டேன். எப்படித் தூக்க வேண்டும், எப்படிப் புரட்ட வேண்டும் என்று எனக்கு நர்சிங் ஹோமில் லீவு கிடைத்த ரஜா நாட்களில் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் நடக்க ஆரம்பிக்கும்வரை அவள் அங்கே இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் நான் திட்டம் போட்டேன் என்று சொன்னால் பொய். டீச்சர் தன் தோழிக்குச் சொன்னார். எதிர் வீட்டுக்காரியின் நாத்தனார் அந்தத் தோழி வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் பக்கத்துச் சந்திலிருந்து இன்னொருத்தி போனாள். எங்கள் தெருவில் யாருக்கு வேலையிருந்தாலும் அவர்கள் பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொள்வது காலங்காலமாக நடக்கிற விஷயம். அதே வழக்கம் இந்த வேலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் இருந்தது. எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிறவர்கள், மசூதிக்குப் போகிறவர்கள், மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள், பௌர்ணமிக்கு விகாரைக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் என்று எல்லாரும் கலந்து இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு ஒருத்திக்கு ரஜா வேண்டுமென்றால் ரம்ஜான் கொண்டாடுகிறவள் போவாள். ரம்ஜானுக்கு இவள் போவாள். எந்தப் பண்டிகைக்கும் ஆள் இல்லை என்று நான் ஒரு வீட்டுக்கும் சொன்னதில்லை. பெரிய ஏஜென்சிகளுக்கு இல்லாத வசதி இது. அவர்கள் ஒரே ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவார்கள். திருவிழா என்றால் எல்லாரும் ஒன்றாக ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நர்சிங் ஹோம் வேலையையும் இதையும் சேர்த்துப் பார்க்க முடியாத நிலை வந்தபோது நான் வேலையை விட்டேன். தெருக்கோடியில் சைக்கிள் கடையாக இருந்து மூடிக் கிடந்த அறையை வாடகைக்கு எடுத்தேன். என் வீட்டுக்காரர் கேப் ஓட்டுகிறவர். அவர்தான் சுண்ணாம்பு அடித்தார். ஒரு மேஜை, சில நாற்காலிகள், பயிற்சிக்கு ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டில். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும் என்று ஒரு போர்டும் மாட்டினேன்.

போர்டு மாட்டிய அன்றைக்கு அப்பா டீக்கடைக்குப் போகும் வழியில் நின்று அதை முழுக்கப் படித்தார். அன்று சாயந்திரம் அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி, "உம் பொண்ணு காண்ட்ராக்டர் ஆயிட்டா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்து சாப்பிடுவதை நிறுத்தினார். அறையைத் தாண்டிப் போகும்போது தெருவின் எதிர்ப் பக்கமாக நடந்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் பேப்பரை விரித்துக்கொள்வார். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "தாத்தாவுக்கு உம்மேல இன்னா கோவம்?" என்று கேட்டாள். வேலை விஷயம் என்றேன்.

அந்த நாட்களில் ஒரு வாடிக்கையாளர் அம்மா என்னைத் தொழில் செய்யும் பெண்களுக்கான ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். கோரமங்களாவில், குளிர்ந்த ஹால். மைக் ஒவ்வொருத்தர் கைக்கும் போனது. தொழில் தொடங்கத் தைரியம் கொடுத்தது யார் என்று கேள்வி. ஒருவர் அப்பா என்றார். இன்னொருவர், எங்கள் வீட்டில் சாப்பிடும்போதே லாப நஷ்டம்தான் பேசுவோம், நஷ்டம் வந்தால் யாரும் பதற மாட்டார்கள் என்றார். எனக்கு அதைக் கேட்க ஆசையாக இருந்தது. நஷ்டம் வந்தால் பதறாத ஒரு வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. மைக் என்னிடம் வந்தபோது, எதிர் வீட்டுக்காரி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆட்கள் கூடக் கூட எனக்குப் பயமும் கூடியது. வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது என்பதே எப்போதும் மனசில் ஓடும். அதனால் அவர்கள் கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும் என்றால் சரி. ஏழு மணிக்குப் பதில் எட்டரைக்கு விடுகிறோம் என்றால் சரி. பெண்கள் வந்து சொல்லும்போது, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, மாத்தி விடறேன்" என்பேன். மாற்றி விட ஆள் இருக்காது. அம்மாவின் இட்லி ஆர்டர் ஒவ்வொன்றாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் நிறுத்தினால் எல்லாரும் நிறுத்துவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த வியாபாரப் பாடம்.

டீச்சர் மறுபடியும் விழுந்தார். இந்த முறை மகனும் மருமகளும் பெங்களூருக்கே திரும்பி வந்திருந்தார்கள். அவர்களுடைய புது அபார்ட்மெண்ட்டில் டீச்சரை வைத்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுக்காரியே வேண்டும் என்று டீச்சர் கேட்டதால் அவளே போனாள். கொஞ்ச நாளில் வந்து என்னிடம் சொன்னாள். அந்த வீட்டில் அவள் பாத்ரூமுக்குப் போகக் கூடாதாம். கீழே, பார்க்கிங்கில் செக்யூரிட்டிகளுக்கு இருக்கும் கக்கூஸுக்குப் போய் வரவேண்டுமாம். லிஃப்ட்டில் இறங்கி, நடந்து, திரும்பி ஏறி வருவதற்குள் டீச்சர் கூப்பிட்டால் ஆள் இல்லை என்று மருமகள் முகம் கோணுகிறார். அதனால் அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மத்தியானச் சாப்பாடும் மாடிப்படியில் உட்கார்ந்துதான்.

"டீச்சருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"போன் பேசப் போறேன்னு நெனச்சிக்கினு இருக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. பாவம், அவங்களே அடுத்தவங்க வீட்ல இருக்கற மாதிரிதான் இருக்கறாங்க."

நான் பேசுகிறேன் என்றேன். மகனுக்கு போன் போட்டேன். அவர், இதெல்லாம் வீட்டு ரூல்ஸ், எல்லா அபார்ட்மெண்ட்டிலும் இப்படித்தான், கஷ்டமென்றால் வேறு ஏஜென்சி பார்க்கிறோம் என்றார். நான், இல்லை சார், பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன். அவளிடம் போய், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். எப்போதும் ஏதாவது பதிலுக்குச் சொல்கிறவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பால் வாங்கப் போனபோது, அப்பா வீட்டு வாசலில் பெண்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த செருப்புகள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. வெகு காலமாகக் கேட்காத குரல் அது, தொழிற்சாலை கேட்டில் பேசுகிற குரல்.  பாலைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல், அறையைத் திறந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எல்லாரும் சேர்ந்து வேறு ஏஜென்சிக்குப் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். கோபமாகவும் வந்தது. நான் சேர்த்த ஆட்கள், என் அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. பின்னால் எதிர் வீட்டுக்காரியும் இன்னும் சில பெண்களும். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து, "உக்காருங்கப்பா" என்றேன்.

"நான் இப்ப உங்கப்பனா வரல" என்றார். "இவங்களுக்காகப் பேச வந்திருக்கேன். நீங்க டைம் குடுத்தா பேசலாம்."

என்னை நீங்க என்றார். சிரிப்பு வரவில்லை. நாற்காலியை எனக்கு எதிர்ப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண்கள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அவர் சம்பளத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சம்பளம் சரியாகத் தேதிக்கு வருகிறது, யார் கார்டையும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, அதில் குறை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். வேலை பார்க்கிற வீட்டில் பாத்ரூம் வேண்டும். உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ரஜா வேண்டும். இருட்டின பிறகு விடுகிற வீடு ஆட்டோ பிடித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் சொல்லி, அந்தப் பிரச்சினை எந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது என்பதையும் சொன்னார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பாதி விஷயம் எனக்கே தெரியாது. என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். சொன்னால் அட்ஜஸ்ட் என்பேன் என்று தெரியும்.

கடைசியாக அவர் சொன்னதை இப்போதும் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும். "படுக்கையில இருக்கறவங்கள விட்டுட்டு இவங்க வேலைய நிறுத்த மாட்டாங்க. அதையும் என்கிட்ட சொல்லிட்டாங்க. அத உங்க பலம்னு நெனச்சுக்காதீங்க. அது இவங்களோட நல்ல மனசு. அத வெச்சு நீங்க பொழைக்கக் கூடாது."

 கஸ்டமர் போய்விட்டால் இவர்களுக்கும்தானே வேலை போகும் என்றேன். அப்பா தலையாட்டினார்.

"போவாங்க. கொஞ்ச பேரு போவாங்க. போனதுக்கு அப்புறம் மிச்சம் யாருன்னு பாத்துக்கலாம்."

"எல்லாரும் போயிட்டா?"

அதற்கு எதிர் வீட்டுக்காரிதான் சொன்னாள். "நீ பயப்படறது எங்களுக்குத் தெரியும். உனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல. சரி. எங்க பேரச் சொல்லு. எங்க பொண்ணுங்க ஒத்துக்க மாட்றாங்க, நான் இன்னா பண்றதுன்னு சொல்லு. எங்க மேல போடு."

அதைக் கேட்டதும் முதுகில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது. எத்தனை மாதமாக ஒவ்வொரு போனுக்கும் நான் தனியாக நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் தாங்குகிறேன், என்னை நம்பித்தான் இத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவர்கள், எங்கள் மேல் போடு என்கிறார்கள். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அவர்கள் அதைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள்.

அம்மா டீ கொண்டுவந்தார். பெண்களுக்கெல்லாம் கொடுத்து, அப்பாவுக்குக் கொடுத்து, எனக்கு வரும்போது பாத்திரத்தில் பாதி டம்ளர்தான் இருந்தது. "உனக்கு இது போதும்" என்றார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்து இல்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பேசினேன். போனில் பேசாதே, நேரில் போ என்று எதிர் வீட்டுக்காரி சொன்னதால் நேரில் போனேன். நான் எதிர்பார்த்த சண்டை பெரும்பாலான வீடுகளில் வரவில்லை. வார ரஜா என்றதும் ஒரு வீட்டில், அட, அவங்களுக்கும் வேணும்தானே, நீங்க சொல்லவே இல்லையே என்றார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளைகளுக்குள் முறை வைத்து ஞாயிற்றுக்கிழமை தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் வேறு இடம் கிடைத்தது. ஒருவர் நிறுத்தினால் எல்லாரும் நிறுத்துவார்கள் என்று நான் வைத்திருந்த கணக்கு தப்பாகப் போனது. இட்லியை எல்லாரும் செய்வார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் அடுத்தவர் அம்மாவைத் துடைத்துவிட எல்லாரும் கிடைக்க மாட்டார்கள்.

டீச்சர் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எதிர் வீட்டுக்காரி உள்ளே இருந்தாள். மகனும் மருமகளும் ஹாலில் உட்கார்ந்து கேட்டார்கள். நான் கன்னடத்தில், பாத்ரூமுக்குக் கீழே போக முடியாது, வீட்டுக்குள்ளேயே வேண்டும் என்று எங்கள் பெண்கள் முடிவு எடுத்திருக்கிறார்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக இருந்தால் நீங்கள் பார்க்கும்வரை இவள் வருவாள், அதற்குப் பிறகு வர மாட்டாள் என்றேன். நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டேன். மருமகள், எங்களுக்கு வேறு எதுவும் இல்லை, சுத்தம்தான் பிரச்சினை என்றார். அவருடைய மாமியாரை நாள் முழுக்கச் சுத்தமாக வைத்திருக்கிறவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள் என்பதைச் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் உள்ளேயிருந்து டீச்சர் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

நாங்கள் எல்லாரும் உள்ளே போனோம். டீச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டுக்காரியைப் பார்த்து, "நீ போன் பேசப் போறேன்னு நெனச்சேனே, போனது இதுக்குத்தானா?" என்று கன்னடத்தில் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பாத்ரூம் கதவைக் காட்டினார். நான் அதில் போய் எத்தனை நாள் ஆகிறது, எனக்கு எல்லாம் இங்கேயேதானே நடக்கிறது, சும்மாக் கிடக்கிற பாத்ரூமுக்கு ரூல்ஸ் எதற்கு என்று மகனைக் கேட்டார். சத்தம் போடவில்லை. வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். மகன் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, "சரிம்மா" என்றார். மருமகள் வெளியே போனார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. இன்றைக்கும் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று மத்தியானம் எதிர் வீட்டுக்காரி டீச்சர் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் லிஃப்ட்டில் இறங்கி, செக்யூரிட்டியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, ரோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கால் லேசாக இருந்தது.

நடந்ததைச் சொல்ல நேராக அப்பாவிடம் போனேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். டீச்சர் கேட்ட கேள்வியைச் சொன்னபோது, "டீச்சரம்மாவும் சங்கத்துல இருந்திருப்பாங்க" என்றார். அப்புறம், நிறுத்தின இரண்டு வீட்டுப் பெண்களுக்கு வேலை கிடைத்துவிட்டதா, நடுவில் போன நாட்களுக்கு என்ன செய்தாய் என்று கேட்டார். சம்பளம் கொடுத்துவிட்டேன் என்றேன். ம் என்றார். பாராட்டவில்லை. பாராட்டியிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அந்த வாரம் என் மகள் போய்க் கூப்பிட்டபோது மறுக்காமல் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மீன் நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் அறையில் கூடுகிறோம். அப்பா வருவார். எப்போதும் பெண்கள் பக்கத்தில்தான் உட்காருவார், என்னை நீங்க என்றுதான் கூப்பிடுவார். வெளியே வந்ததும் நீ. என் பக்கம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எனக்கு அது வருத்தமாக இல்லை. அந்தக் குளிர்ந்த ஹாலில் மைக் பிடித்தவர்களுக்கு அவர்கள் அப்பா பின்னால் நின்றார். எனக்கு எதிரில் உட்காருகிறார். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் மேஜை ஒரு பக்கமாகச் சாயாது என்பதை நான் அனுபவத்தில் கண்டுகொண்டேன். புது வீடு ஒப்புக்கொள்ளும்போதே பாத்ரூம், சாப்பிட இடம், ரஜா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று விட முடிகிறது.

நீலசந்திராவில் எதிர் வீட்டுக்காரியின் அக்கா இருக்கிறாள். அங்கே இருக்கும் பெண்களும் இந்த வேலை கேட்கிறார்கள் என்று எதிர் வீட்டுக்காரி வந்து சொன்னாள். ஜீவனஹள்ளியிலிருந்து பார்த்துக்கொள்ள முடியாது, அங்கேயே ஒருத்தி வேண்டும். அங்கே போய் நீயே ஆரம்பி என்றேன்.  எங்கள் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. டீச்சர் நடக்க ஆரம்பித்ததும் பார்க்கிறேன் என்றாள். இப்போதே அங்கே யார் யாருக்கு என்ன பண்டிகை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

போன கூட்டத்தில் ஒரு பெண், எங்களுக்கெல்லாம் ரஜா இருக்கிறது, அக்காவுக்கு எப்போது என்று கேட்டாள். அப்பா அதைக் கவனமாகக் கேட்டு, "அதுவும் நியாயம்தான்" என்றார். பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் போன் அவர்களில் ஒருத்தியிடம் இருக்கும்.

முதல் ஞாயிறு போனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலை முழுக்க ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் கை தானாக, போன் செருகிவைக்கும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. மத்தியானம் கோழிக் குழம்பு வைத்தோம், வீட்டுக்காரரும் வண்டி எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. மகள் மாடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து என் பக்கத்தில் குவித்து வைத்திருந்தாள். யாரும் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை என்றாள். ஒரு துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கினேன்.